பத்து மணிக்கு ஆளில்லாத மலை

றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், வரிசையாய் ஒட்டிக் கட்டிய பத்துக் காம்பரா வீடுகளுள்ள லயத்தில் ஒரு வாரமாக எல்லாருக்கும் ஒரே கவலை. மாடு கிடைத்ததா இல்லையா? கொழுந்து நிறுத்துவிட்டு வருகிற பெண்கள் கூடையை இறக்குமுன்னே அதைத்தான் கேட்டார்கள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிவிட்டு மத்தியானமே வீடு திரும்பும் ஆண்டியப்பன் காலைக்கூடக் கழுவாமல் நேரே வந்து நின்றார். மீன் விற்க வந்தவனும் கேட்டுவிட்டுப் போனான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இத்தனைக்கும் அந்த மாடு எந்தத் தொழுவத்திலும் கட்டிக்கிடந்த மாடு இல்லை. அதற்குப் புல்லும் வேண்டாம், புண்ணாக்கும் வேண்டாம். அது நாகலெட்சுமி வீட்டு லெப்டொப்புக்குள் இருந்தது.

நாகலெட்சுமிக்கு ஐம்பத்திரண்டு வயது. முப்பது வருடத்துக்கு மேலாகக் கொழுந்து பறிக்கிறவள். புருசனுக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை. தீபாவளிக்கும் தேர்தலுக்கும் வந்து தலையைக் காட்டுவான். மகன் கஜேந்திரன் ஹட்டனில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் கண் நரம்பில் வியாதி என்றார்கள். கண்டிக்கும் கொழும்புக்கும் அலைந்து முடிப்பதற்குள் இரண்டு கண்ணும் போய்விட்டது. இருபத்தேழு வயதுப் பிள்ளை. அன்றிலிருந்து தண்ணீர் பிடிக்கிற பீலிக்குப் போவதென்றாலும் நாகலெட்சுமி கையைப் பிடித்துத்தான் கூட்டிப்போவாள். அவள் மலைக்குப் போயிருந்தால் அடுத்த காம்பரா ஆண்டியப்பன் பிடிப்பார். அவரும் இல்லையென்றால் இந்தப் பக்கத்து ஜெயந்தினி. மொத்தத்தில் அவன் கை சும்மா இருந்ததே இல்லை.

மகள் லோஜினிதான் இந்த மாட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஹட்டனில் துணிக்கடை ஒன்றின் மேல்மாடியில் நாலு பேர் சேர்ந்து கேம் செய்கிறார்கள். அவளுக்கு அங்கே சத்தம் சேர்க்கிற வேலை. பனி மூடிய தேயிலைத் தோட்டம், காணாமல்போன ஒரு செவலை மாடு, அதைத் தேடிப்போவதுதான் கேம். கண் தெரிந்தவர்கள் படத்தைப் பார்த்து விளையாடலாம். கண் தெரியாதவர்களும் விளையாடவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் லோஜினி. புல்லில் நடந்தால் ஒரு சத்தம், கல்லில் நடந்தால் வேறு சத்தம். மழைத்தண்ணீர் ஓடும் பள்ளமான கான் பக்கத்தில் வந்தால் சலசலக்கும். போகவேண்டிய பக்கத்தில் டிங் என்று ஒரு மணி அடிக்கும்.

"படம் தெரியாம என்னா வெளையாட்டு புள்ள அது?" என்று முதல் நாளே கேட்டாள் நாகலெட்சுமி. ரொட்டி மாவைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"ஏம்மா, நீ ரேடியோவுல நாடகம் கேட்டதில்லயா?"

"கேட்டிருக்கேன். ரேடியோவுக்குள்ள நா நடந்து போயி மாட்டப் புடிக்கலியே."

"இதுல நடக்கலாம். அதாம்மா வித்தியாசம். அண்ணன் முழுசாத் தனியா வெளையாடி மாட்டக் கண்டுபுடிச்சிட்டா, கண்ணு தெரியாதவங்களுக்குள்ள பகுதிய வச்சிக்கிறேன்னு எங்க மொதலாளி தர்ஷன் சேர் சொல்லிட்டாரு. அண்ணனுக்கு அங்கயே வேலையும் தருவாரு. செஞ்சி முடிக்கிற கேம எல்லாம் கேட்டு, எங்க எடறுதுன்னு சொல்ற வேல."

"இல்லாட்டி?"

"இல்லாட்டி அந்தப் பகுதிய வெட்டிருவாங்க."

மறுநாள் மாலை கஜேந்திரன், கேம் விளையாடுகிற அந்தக் கொன்ட்ரோலர் சாமானைக் கையில் வைத்து விரலால் தள்ளித் தள்ளி, கால்மணி நேரம் கல்லிலும் புல்லிலும் மாறி மாறி நடந்தபிறகு, முகமெல்லாம் பல்லாகத் திரும்பினான்.

"அம்மா, நா நடக்குறேம்மா. ஒருத்தர் கையையும் புடிக்கல பாத்தியா?"

நாகலெட்சுமிக்கு அடுப்பில் ரொட்டி கருகியது. அவள் அதைத் திருப்பவில்லை. இவன் இப்படிச் சிரித்து மூன்று வருடமாகிறது என்ற நினைப்பிலேயே நின்றாள்.

இனி லயத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். லயத்துக் காம்பராக்களின் நடுச்சுவர் கூரையைத் தொடாது. ஒரு வீட்டில் இருமினால் மூன்று வீட்டில் சுடுதண்ணீர் வைப்பார்கள். லோஜினியின் ஹெட்போன் ஹட்டனில் கிடந்தது. வீட்டில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள்தான். போதாததற்கு ஆண்டியப்பன், "லெப்டொப்புல படம் சின்னதா இருக்கு புள்ள, டீவியில மாட்டி வுடு, நாங்களும் மாட்டப் பாக்குறோம்" என்று கேட்க, அவளும் மாட்டிவிட்டாள். பிறகு கேட்கவேண்டுமா? லோஜினி வேலைக்குப் போயிருக்கும் மத்தியானங்களில், இஸ்தோப்புத் திண்ணையில் பாயைப் போட்டு ஆண்டியப்பன் உட்கார்ந்துவிடுவார். வாசலுக்கு நேரே டீவி தெரியும்.

"தம்பி, முன்னுக்கு கான் இருக்கு. கொஞ்சம் பொறு."

"சரி மாமா."

"சோத்துக் கைப் பக்கம் திரும்பு. இன்னும். ஆ, அதான்."

சுவருக்கு மேலாக ஜெயந்தினியின் குரல் வரும். "என்னா மாமா, மாடு தெரியுதா?"

"மாடு எங்க தெரியுது, மூட்டமா இருக்கு. தம்பி, கல்லுப் படி இருக்கு, காலத் தூக்கு!"

கொன்ட்ரோலரில் காலைத் தூக்க ஏது வழி? ஆனாலும் கஜேந்திரன் பாயில் உட்கார்ந்தபடியே காலைத் தூக்கினான். சனிக்கிழமை மத்தியானம் மாடு கிடைத்தது. 'ம்மா' என்று ஸ்பீக்கரில் அது கத்தியதும் பத்துக் காம்பராவும் கத்தியது. ஆண்டியப்பன் வீட்டில் எல்லாருக்கும் பிளேன்டீ.

அன்று மாலை லோஜினி ஒரு படிவத்தைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டாள்.

"அம்மா, அண்ணனுக்கு யாராச்சும் ஒதவி செஞ்சாங்களா?"

"ஒதவியா? ஒருத்தரும் கிட்ட வரல. கையத் தொடவே இல்ல. அவந்தான் தனியா ஒக்காந்து வெளையாண்டான்."

அவள் பொய் சொல்லவில்லை. லயத்தில் நாலு பேர் பேசுவது எப்போதும் உள்ள சங்கதி. மழை பெய்தால் சத்தம் வருகிற மாதிரி அதுவும் வரும். அதைப் போய் உதவி என்று யார் நினைப்பார்கள்? கஜேந்திரனுக்கும் தோன்றவில்லை. லோஜினி 'தனியாக, முப்பத்தொரு நிமிடம்' என்று எழுதி அனுப்பினாள்.

புதன்கிழமை ஹட்டனுக்குக் கூப்பிட்டார்கள். நாகலெட்சுமி அரைநாள் சம்பளமான அரைப்பேரை விட்டுவிட்டு, நல்ல சேலை உடுத்தி, மகனுக்குச் சட்டை தேய்த்துப் போட்டு பஸ்ஸில் கூட்டிப்போனாள். மேல்மாடி அறையில் தரைக்குக் கம்பளம், ஜன்னலுக்குக் கண்ணாடி, கதவைச் சாத்தினால் தெருவே செத்துப்போன மாதிரி இருந்தது. தர்ஷன் யாழ்ப்பாணத்துப் பையன், முப்பது முப்பத்திரண்டு இருக்கும், மரியாதைக்காரன்.

"வாங்கோ அம்மா, இருங்கோ. தேத்தண்ணி குடிக்கிறீங்களோ? தம்பி, அவசரப்படாதேங்கோ, ஆறுதலா விளையாடுங்கோ" என்று சொல்லி, கஜேந்திரன் காதில் பெரிய ஹெட்போனை மாட்டினான்.

முதல் கானிலேயே விழுந்தான். கேம் அவனை ஆரம்பத்துக்குக் கொண்டுபோய் விட்டது. திரும்ப நடந்தான், திரும்ப விழுந்தான். மணி டிங் டிங் என்று அடித்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் மணிக்கும் அவனுக்கும் நடுவில் என்ன கிடக்கிறதென்று அந்த மணிக்கு என்ன தெரியும்? ஏழாவது தடவை விழுந்தபோது அவன் நெற்றியில் வேர்த்திருந்தது. ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தான்.

"யாருமே இல்லியே" என்றான்.

"யார் இல்லை?" தர்ஷனுக்கு விளங்கவில்லை.

லோஜினிக்கு விளங்கிவிட்டது. அவள் அம்மாவைப் பார்த்த பார்வையில் நாகலெட்சுமி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"உங்களில பிழை ஒண்டும் இல்லைத் தம்பி" என்றான் தர்ஷன். "நாங்கள்தான் சரியாச் செய்யேல்ல. அடுத்த மாசம் கேமை வெளியில விடவேணும். இப்போதைக்கு இந்தப் பகுதியை எடுத்துப்போட்டு விடுவம். பிறகு பாப்பம், என்ன?"

திரும்பி வரும் பஸ்ஸில் மூன்று பேருக்கும் ஒரே சீட்டில் இடம் கிடைத்தது. லோஜினி அடிக்குரலில் ஆரம்பித்தாள்.

"ஏம்மா பொய் சொன்னே?"

"நா எங்கடி பொய் சொன்னேன்?"

"ஆண்டியப்பன் மாமா வழி சொல்லிக்கிட்டே இருந்திருக்காரு. லயமே சேந்து வெளையாண்டிருக்கு. அதுக்குப் பேரு தனியாவா?"

"அடியே, வாசல்ல ஒக்காந்து ரெண்டு வார்த்த பேசுறது ஒரு குத்தமா? நம்ம வீட்டுல எவடி பேசாம இருக்கா?"

"தர்ஷன் சேர் மொகத்துல நா எப்புடி முழிப்பேன்?"

கஜேந்திரன் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்திருந்தான். "ரெண்டு பேரும் சும்மா இருங்க" என்றான். பிறகு, "அப்ப நா ஒரு தடவகூடத் தனியா நடக்கல" என்றான்.

நாகலெட்சுமிக்கு வேலை போனதுகூடப் பெரிதில்லை. பாவி, பிள்ளைக்குக் கிடைத்த ஒரே ஒரு சந்தோசத்தை நானும் இந்த லயமும் சேர்ந்து பிடுங்கிவிட்டோமே என்று இருந்தது. பஸ் இறங்கி லயத்துக்கு ஏறும்போது கையைப் பிடிக்கப் போனாள். அவன் தட்டிவிடவில்லை. ஆனால் அந்தக் கை அவளுடைய கையில் மரக்கட்டை மாதிரி இருந்தது.

மறுநாள் மலையில் மூட்டம் இறங்கிக் கிடந்தது. இரண்டு செடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு நனைந்து கனத்தது, காலில் அட்டை ஏறியது. பக்கத்து நிரையில் ஜெயந்தினி வழக்கம்போலப் பேசிக்கொண்டே பறித்தாள்.

"கேக்குறீங்களாக்கா, கினிகத்தேனைக்குப் போற மனுசன்கிட்ட கருவாடு வாங்கிட்டு வாங்கன்னு மூணு தடவ சொல்லி வுட்டேன். என்னா வாங்கியாந்தாரு தெரியுமா? கொடை! வீட்டுல ஏற்கனவே மூணு கொட இருக்கு..."

'கொடை' என்ற சொல்லில் ஜெயந்தினியின் குரல் கீழே இறங்கி, 'வீட்டுல' என்பதில் மேலே ஏறிவந்தது. நாகலெட்சுமி கையால் பறித்துக்கொண்டே, கீழே பார்க்காமலே, காலை அகட்டி வைத்துக் கானைத் தாண்டினாள். தாண்டியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

நான் எப்படிக் காலைத் தூக்கினேன்? கானை நான் பார்க்கவே இல்லையே.

அவளுக்கு அதிசயமாக இருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். காது இப்போதுதான் முளைத்த மாதிரி இருந்தது. ஜெயந்தினி இந்தப் பக்கம், ரெண்டு நிரைக்கு அப்பால் பிரேமினி மூக்கைச் சிந்துகிறாள், மேலே கங்காணி இருமுகிறார், அப்படியென்றால் ரோடு அங்கே. கண்ணை மூடியபடியே ஒரு செடி, இரண்டு செடி, ஐந்து செடி பறித்தாள். ஆறாவது செடியில் ஜெயந்தினி வெற்றிலை போட வாயை மூடினாள். நாகலெட்சுமி அடுத்த அடியில் கூடையோடு கானுக்குள் இருந்தாள்.

"ஐயையோ! என்னாக்கா, கண்ணத் தொறந்துக்கிட்டே விழுறீங்க?"

"மூடிக்கிட்டு விழுந்தேன்டி" என்று சொல்லிவிட்டு, முழங்கால் தோல் உரிந்து ரத்தம் வரவர அவள் சிரித்தாள். இந்த அக்காவுக்கு என்ன ஆகிவிட்டதோ என்று ஜெயந்தினி வெற்றிலையை மெல்லாமல் பார்த்தாள்.

அன்று மாலை நாகலெட்சுமி கூடையைச் சுவரில் மாட்டக்கூட இல்லை, வாசலிலிருந்தே சத்தம் போட்டாள். கஜேந்திரன் பாயில் சுருண்டு படுத்திருந்தான். லோஜினி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"லோஜி, அந்தக் கேமுக்குள்ள நேரம் என்னா புள்ள?"

"என்னாது?"

"மாட்டத் தேடிப் போறானே, அப்ப மணி என்னா?"

"காலையில பத்து மணின்னு வச்சிருக்கோம். ஏன்?"

"பத்து மணிக்கு மலையில ஒரு ஆளும் இல்லாம எப்புடிடி இருக்கும்? ஞாயித்துக்கெழமயா? போயா லீவு நாளா?"

"ஸ்ட்ரைக்கா இருக்கும்" என்றார் சுவருக்கு அந்தப் பக்கம் ஆண்டியப்பன்.

"நீங்க சும்மா இருங்கண்ணே, ஒங்களால பட்டது போதும். இந்தா பாரு புள்ள, மூட்டத்துல எங்களுக்கும் கண்ணு தெரியாது. பேச்சுச் சத்தத்த வச்சித்தான் நடக்குறோம். கொரல் எறங்குனா பேசுறவ கான்ல எறங்குறா. கொரல் நின்னா என்னமோ இருக்கு, குளவியோ பாம்போ. தூரமாப் போனா நிர முடிஞ்சிருச்சி. ஒங்க மலையில என்னாடி இருக்கு? டிங்கு டிங்குன்னு ஒரு மணி! எந்தத் தோட்டத்துல மலைக்கு நடுவுல மணி அடிக்கிறான்?"

லோஜினி துருவலை நிறுத்தினாள். "வழி சொல்ல ஆள் வச்சா அது தனியா வெளையாடுறது ஆகாதும்மா. அதானே இப்ப பிரச்சினையே."

"வழி யாரு சொல்லச் சொன்னா? ஜெயந்தினி எனக்கு வழியா சொன்னா? கருவாட்டுக் கதயச் சொன்னா. காலத் தூக்குனது நானு."

பாயில் அசைவு தெரிந்தது. கஜேந்திரன் எழுந்து உட்கார்ந்திருந்தான்.

"நீ கண்ண மூடிப் பாத்தியாம்மா?"

"பாத்தேன்."

"விழுந்தியா?"

"விழுந்தேன். மொழங்கால் உரிஞ்சிருச்சி."

"எத்தன தடவ?"

"ஒருக்காத்தாண்டா."

"நா ஏழு தடவ" என்றான் அவன். பிறகு சிரித்துவிட்டான்.

லோஜினி அப்போதே தர்ஷனுக்குப் போன் போட்டு, நடந்த உண்மையைச் சொல்லி, இரண்டு வாரம் தவணை கேட்டாள். அவன், "நல்ல விசயம் சொன்னீங்கள். எங்களுக்கு ஒருத்தருக்கும் தோணேல்லயே. செய்து பாருங்கோ" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து பெண்களை மலையில் ஏற்றி, ஆளுக்கொரு சின்ன மைக்கைச் சட்டையில் குத்திவிட்டாள் லோஜினி. சும்மா வழக்கம்போலப் பேசுங்கள் என்றுதான் சொன்னாள். அதைச் சொன்னதும் எல்லாருக்கும் வாய் கட்டிவிட்டது. ஜெயந்தினி செய்தி வாசிக்கிறவள் மாதிரி, "வணக்கம். நாங்கள் கொழுந்து பறிக்கின்றோம்" என்றாள். அரைமணி நேரம் இந்தக் கூத்துத்தான். நல்லவேளை, பிரேமினியின் ரவிக்கைக்குள் ஒரு அட்டை ஏறியது. அவள் குதித்த குதியில் மற்றவர்கள் சிரிக்க ஆரம்பித்து, பிறகு இரண்டு மணி நேரம் வாய் ஓயவில்லை. கருவாடும் வந்தது, குடையும் வந்தது. லோஜினி அத்தனையும் வெட்டி ஒட்டி, குரல்களை நிரை நிரையாக மலையில் நடக்கவிட்டாள். கானில் இறங்கும்போது குரலும் இறங்கியது. மணியைத் தூக்கி எறிந்தாள்.

கடைசிப் பரீட்சைக்குத் தர்ஷன் லயத்துக்கே வந்தான். சாயந்திரம் நாலு மணி. கஜேந்திரனே ஒரு நிபந்தனை போட்டான்.

"டீவிய மூடிருங்க சேர். லெப்டொப்பையும்தான். ஒருத்தருக்கும் படம் தெரியக்கூடாது. ஸ்பீக்கர்லயே போடுங்க, எல்லாரும் கேக்கட்டும்."

"ஆராவது சொல்லிப்போடுவினம் எண்டு பயமில்லையோ?"

"தெரிஞ்சாத்தான சேர் சொல்லுவாங்க. இன்னைக்கு எல்லாரும் என்னய மாதிரித்தான்."

நாகலெட்சுமி தன் போர்வையை எடுத்து டீவியை மூடினாள். லெப்டொப் மேல் துண்டு விழுந்தது. இஸ்தோப்பில் லயமே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தது. ஆண்டியப்பன் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டார். சாவு வீட்டில்கூட அந்த லயம் அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை.

ஸ்பீக்கரில் காலடி கேட்டது. புல். கல். இடது பெட்டியில் ஜெயந்தினி கருவாட்டைத் தொடங்கினாள், வலது பெட்டியில் தூரத்தில் பிரேமினி. ஜெயந்தினியின் குரல் இறங்கியது. காலடி நின்றது. குரல் ஏறியது. கஜேந்திரனின் விரல் ஒரு அழுத்து அழுத்தியது, தொப்பென்ற சத்தம் வரவில்லை. ஆண்டியப்பன் வாயைப் பொத்திய கையைக் கடித்துக்கொண்டார். அடுத்தது நாகலெட்சுமியின் குரல். புருசன் வருகிற தீபாவளிக்காவது ஒரு நல்ல வார்த்தை பேசுவானா என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தாள். ஐயோ, லோஜி இதையும் பதிவு பண்ணிவிட்டாளா என்று அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

மகனின் காலடி அவள் குரலுக்குப் பக்கத்தில் வந்தது, நிற்காமல் தாண்டியது. அவள் குரல் அவனுக்குப் பின்னால் போய்ச் சிறுத்தது. இனி நிரை இல்லை, ஆள் இல்லை, காட்டோரம். காலடி மட்டும் கேட்டது. அது தயங்கியது. நாகலெட்சுமிக்கு வாய்வரை வந்துவிட்டது, பாத்துடா சாமி என்று. சேலைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள். கஜேந்திரன் தலையைச் சாய்த்து, பின்னால் தேய்ந்துகொண்டிருந்த அந்தப் பேச்சுச் சத்தத்தைக் கேட்டான். அதை முதுகுக்கு நேரே வைத்துக்கொண்டு முன்னால் நடந்தான். எங்கேயோ எதுவோ அசைபோடுகிற சத்தம். இன்னும் கிட்டத்தில். பிறகு 'ம்மா' என்று கத்தியது மாடு.

ஒருவரும் கத்தவில்லை. கத்தலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை.

"முடிஞ்சிருச்சி" என்றான் கஜேந்திரன். "இப்ப பேசலாம்."

அதற்குப் பிறகு எழுந்த கூச்சலில், தர்ஷன் சொன்னதை இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது. கண் தெரியாதவர்களுக்கான பகுதி கேமில் இருக்கும். திங்கட்கிழமை கஜேந்திரன் வேலைக்கு வரலாம். "அந்த மாடு இனி நம்ம லயத்து மாடுதான?" என்று ஆண்டியப்பன் தர்ஷனைப் பிடித்துக்கொண்டார். நாகலெட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, வந்தவருக்குத் தேத்தண்ணி போடக் கேத்தலைத் தூக்கினாள். தண்ணீர் இல்லை.

"குடு, நா போயிட்டு வாரேன்" என்றான் கஜேந்திரன். மூலையில் இருந்த வாளியைத் தடவி எடுத்தான்.

பீலி வாசலிலிருந்து அறுபது எட்டு வைக்கிற தூரம். நடுவில் நிஜமான கான் ஒன்று இருக்கிறது. நாகலெட்சுமி கையை நீட்டினாள். நீட்டிய கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். அவன் படியிறங்கிவிட்டான். வெளியில் மூட்டம் ஏறிக்கொண்டிருந்தது, பத்து எட்டிலேயே அவன் சட்டை மறைந்துபோனது. பீலியில் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம். ஜெயந்தினிதான், அடுப்பில் உலை வைக்க அவசரம் என்று முன்னமே போயிருந்தாள்.

"அடியே ஜெயந்தினி!" என்று நாகலெட்சுமி இருந்த இடத்திலிருந்தே கத்தினாள். "ஒம்புருசன் அந்தக் கருவாட்ட வாங்கியாந்தாரா இல்லியாடி?"

பீலியில் பாத்திரச் சத்தம் நின்றது. பிறகு ஜெயந்தினி ஆரம்பித்தாள், வழக்கத்தைவிடப் பெரிய குரலில்.

"எங்கக்கா வாங்கியாந்தாரு! நேத்தும் போனாரு, என்னா வாங்கியாந்தாரு தெரியுமா?"

"என்னா வாங்கியாந்தாரு?"

"டோர்ச்சு லைட்டு! கருவாடு எங்கன்னு கேட்டா..."

கான் பக்கத்தில் வாளியின் கைப்பிடிச் சத்தம் நின்றது. ஜெயந்தினி டோர்ச் லைட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள், நாகலெட்சுமி அதற்கு உம் கொட்டிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.